கரி வைத்த கை

எஞ்சின் நின்றதும் அதன் வயிற்றுச் சாம்பலைத் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டுவார்கள். ஒருவன் வாளித் தண்ணீரை அதன்மேல் வீசி ஊற்றுவான். அப்போது எழும் ஆவியில் ஒரு வாசனை இருக்கிறது. ஈரக் கரி, சுட்ட கல், எங்கேயோ அழுகிய முட்டை. ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இத்தனை வருஷம் குடியிருக்கிறவளுக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. அடுப்பில் என்ன கொதித்தாலும் என் கை நின்றுவிடுகிறது. எழுந்து போய் யாருடைய கையையாவது பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்போல் ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிலேட்டை நீட்டினால், எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்க்கிறேன். வாத்தியாரம்மாவுக்குக் கைரேகை தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கிளம்பட்டும்.

என்னைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு இந்த வாசனைதான்.

ஒடுகத்தூருக்கு மேற்கே, மலையடியில் இருந்தது அந்த ஊர். தாலுகா கச்சேரிக் காகிதங்களில் அதற்கு ஏதோ நல்ல பெயர் உண்டு. சுற்றுப்பட்டில் எல்லாருக்கும் அது 'குழி'. "பொண்ண எங்க குடுத்துருக்கீங்க?" என்று கேட்பார்கள். "குழியில" என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். என் அம்மா மட்டும் அந்தச் சொல் வாயில் வந்தவுடனே தன் தாலிச்சரடை ஒருதரம் தொட்டுக்கொள்வாள்.

ரயில் போட்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே கறுப்புக் கல்லைக் கண்டது. எஞ்சினுக்கு வேண்டிய கரி காலடியிலேயே கிடைத்துவிட்டது என்று பூமியைத் தோண்டினார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். வரிசை வரிசையாகக் குடிசை, ஒரு சாராயக் கடை, ஒரு சந்தை என்று ஊர் உண்டாகிவிட்டது. கரிதான் உண்டாகவில்லை. வெட்டி எடுத்தது எரிந்ததைவிடப் புகைந்தது ஜாஸ்தி. கம்பெனி தன் இரும்புச் சாமான்களை வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டது. வந்த ஜனங்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? மலையடிப் புல்லில் மாடும் ஆடும் வாங்கி விட்டார்கள். நான் வாழப் போனபோது ஊரைச் சுற்றிப் பார்த்த பக்கமெல்லாம் மாட்டுப்பட்டிகள்தான். வெண்ணெய் வேலூருக்குப் போகும். தோல் ஆம்பூருக்கு வரும்.

ஆனால் அவர்களைப் போய் மாட்டுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கோபம் வரும். அவர்கள் குழிக்காரர்கள். அதற்கு அத்தாட்சியை உடம்பில் வைத்திருந்தார்கள். கரி வெட்டும்போது கல் தெறித்துத் தோல் கிழியும். கிழிந்த இடத்தில் தூள் புகுந்துகொள்ளும். மேலே தோல் மூடியபின் பச்சை குத்தினதுபோல் நீலமாக நின்றுவிடும், ஆயுசுக்கும். என் மாமனாருக்குப் புருவத்தில் ஒன்று, முதுகில் கோடுகோடாகப் பல. அவர் சட்டை போடாததற்கு வெயில் காரணமில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குழியில் காயம் பட்டால் கழுவ மாட்டார்கள். அந்தக் குழியின் கரியையே எண்ணெய் விட்டு இழைத்து, காயத்துக்குள் தேய்த்துக் கட்டுவார்கள். அடையாளம் அழியாமல் நிற்க வேண்டும் அல்லவா? 'கரி வைக்கிறது' என்று அதற்குப் பேர். பெற்றவன் கையால் வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் வந்தவர்களுக்கு வெல்லம் கொடுக்க வேண்டும்.

என் புருஷன் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. குழியில் வேலை நின்றபோது அவர் இடுப்பில் துணி இல்லாத பிள்ளை. அவருக்கு வாய்த்தது மாடுதான். சந்தைக்குப் போனால் யாராவது ஒரு கிழவர் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாடா வெள்ளக்கை, மோர் கடஞ்சியா இன்னிக்கி?"

"கடஞ்சேன் பெரிப்பா. புளிச்சத உனுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றில் வைத்த கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேட்க மாட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவள்போல் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மழை விட்ட கையோடு ஒரு பட்டியில் ஒரு பசு செத்தது. காலையில் நன்றாக மேய்ந்தது, சாயங்காலம் கால் விறைத்துக் கிடந்தது. மூக்கிலிருந்து கறுப்பு ரத்தம், உறையாமல் ஒழுகிக்கொண்டேயிருந்தது. அடைப்பான் நோய் என்றார்கள். அடைப்பானில் போன மாட்டின் தோலை உரிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மட்டில் சரியாகத்தான் நடந்தார்கள். ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் வெட்டி வைத்த குழி ஒன்று ஊர் நடுவில் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது புதிதாக ஒரு குழி எதற்கு? கயிறு கட்டி இழுத்துப் போய் அதில் உருட்டிவிட்டார்கள். கயிற்றை முன்னால் பிடித்தவர் என் புருஷன்.

அந்தக் குழியில் இன்னமும் கரி சுரண்டுவார்கள். வாய்க்குக் கொஞ்சம் கீழே, பசு உருண்டு போன பக்கத்தில், ஒரு விளிம்பு உண்டு. அதில் இறங்கி நின்று கூடையில் சுரண்டிக்கொண்டு வந்தால் கொல்லன் உலைக்கு வாங்கிக்கொள்வான். பசு போன சில நாளில் கொல்லன் கேட்டான், அவர் இறங்கினார். கல் ஒன்று சரிந்து முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது.

அவர் வந்த வரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. தலையில் கரிக்கூடை, கையில் ரத்தம், முகம் முழுக்கச் சிரிப்பு. தெருக்கோடியிலேயே கத்திக்கொண்டு வந்தார்.

"யப்பா! குழி எனுக்கும் குடுத்துச்சிப்பா!"

மாமனார் கட்டிலை விட்டு எழுந்தார். மகன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்தே ஒரு கட்டியை எடுத்து, அம்மியில் நல்லெண்ணெய் விட்டு அவரே இழைத்தார். என்னைத் தொடவிடவில்லை. கண் கலங்கியிருந்தது. காயத்தைப் பிளந்து உள்ளே வைத்துத் தேய்த்தார். என் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"மருமவளே, வெல்லம் கீதா?"

இருந்தது. தெருவே வந்தது. நான்தான் உடைத்துக் கொடுத்தேன்.

முதலில் கொசு கடித்த தடிப்புபோல் இருந்தது. அரிக்கிறது என்றார். அப்புறம் கொப்புளம். கொப்புளம் உடைந்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளம் கறுத்தது. நான் மாமனாரின் புருவத்தைப் பார்ப்பேன், நீலம். இவர் கையைப் பார்ப்பேன், கறுப்பு. அடுப்புக் கரியை எடுத்து அழுத்தி வைத்ததுபோல், ஓரத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கோலப்புள்ளியாகச் சுற்றி நிற்க, ஒரு கறுப்பு. எப்போதெல்லாம் அவர் பார்க்கவில்லையோ அப்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். சோறு போடும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது. பெரிதாகிறதா? நேற்று இவ்வளவா இருந்தது? நேற்று நான் சரியாகப் பார்த்தேனா?

"நோவுதுங்களா?"

"இல்லவே இல்ல, புள்ள. தொட்டுப் பாரு. இந்த எடம் என்னுதே இல்லாத மாதிரி கீது."

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதும் தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். காரணம் உண்டு. என் அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு மத்தியான சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. பச்சைத்தோல் அடுக்கும் கிடங்கில் ஒரு ஆள் இருந்தார், என்னை "கலெக்டரம்மா வந்துட்டாங்க, வழி வுடுங்க" என்று கேலி செய்கிறவர். ஒருநாள் அவர் கழுத்தில் இப்படி ஒரு கறுப்பைப் பார்த்தேன். வலிக்கவில்லை என்றுதான் அவரும் சொன்னார். அடுத்த தடவை பார்த்தபோது கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கி, கண் இடுங்கி, அப்போதும் கேலி செய்தார். அதற்கடுத்து அவர் இடத்தில் வேறு ஆள் தோல் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புக்குத் தோல் ஷாப்பில் யாரும் பேர் சொல்வதில்லை. 'அது' என்பார்கள்.

மாமனாரிடம் போய் நின்றேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

"மாமா, இது கரி இல்ல மாமா. தோல் ஷாப்புல பாத்துருக்கேன். இது வேற."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச்சு வளர்ந்திருக்கும். அவர் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்து, "கேட்டீங்களாடா, ஆம்பூர்ல பொறந்த பொண்ணு. எதப் பாத்தாலும் தோலாத்தான் தெரியும்" என்றார். அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் தன் முழங்காலைக் காட்டி, "எனுக்கும் இப்பிடித்தான் வீங்கிச்சி, பொண்ணே. கரி ஊறுது. பயப்படாத" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த ஊரில் உடம்பில் கறுப்பைக் கண்டு பயந்தவர் யாருமில்லை. வேறு எந்த ஊரிலாவது இதைக் கண்டிருந்தால் ஒரு ஆளாவது முகம் சுளித்திருப்பான்.

என் புருஷன் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னா புள்ள நீ? ஆயுசுக்கும் ஒரே ஒரு அடையாளம் வந்துருக்குது, அதப் போய் வேற இன்னாவோன்ற."

"காய்ச்சல் அடிக்குதுங்க உங்களுக்கு."

"அடிக்கட்டுமே. குழி சும்மா குடுக்குமா?"

மறுநாள் விடிந்தபோது கை முழங்கை தாண்டி வீங்கியிருந்தது. மாட்டை அவிழ்க்க முளைக்குச்சியின் முடிச்சை அவரால் பிரிக்க முடியவில்லை. ஒரு கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் சாணி அள்ளுவதுபோல் குனிந்துகொண்டேன்.

புருஷனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்று மருமகள் சொன்னால் அங்கே வண்டி கட்ட மாட்டார்கள். தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதால் கட்டுவார்கள். எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வந்து வருசம் திரும்பல, அதுக்குள்ள ஆத்தா மடி தேடுது" என்று தெருவில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மாமனார்தான் கடைசியில் பேஜாராகிச் சொன்னார்: "இட்டுனு போய் வுட்டுட்டு வாடா. இந்த அழுவையில மாடு பால் சொரக்காது."

ஒன்று மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு அணைக்கட்டு வழியாக நேர்ப் பாதை இருந்தது. எங்கள் வண்டி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆம்பூர் பக்கம் போனது. தாய் வீடு அங்கேதானே இருக்கிறது?

வழியில் கொஞ்ச தூரம் அவர் கலகலப்பாகத்தான் இருந்தார். வேர்க்கடலைக் கொல்லையைக் கண்டால் நிறுத்தி ஒரு செடி பிடுங்கித் தருவார். என் அழுகையை நடித்துக் காட்டினார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு மாடுகளை அதட்டுவதும் நின்றது. ஒரு ஓடைப் பள்ளம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, தலைக்கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடி."

எதிரே சந்தைக்குப் போகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெண்சாதி வண்டி ஓட்டப் புருஷன் பின்னால் உட்கார்ந்து போவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தும் கயிற்றைக் கொடுத்தார். அப்போதுதான் அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு மாடு ஓட்டிப் பழக்கமில்லை. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கியது. ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் முனகுகிறாரா என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆம்பூர் சேர்ந்தபோது அண்ணன் ஷாப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "வா மாப்ள" என்று சிரித்துக்கொண்டே வந்தவர் கையைப் பார்த்தார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் மேஸ்திரி பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே ஷாப்பில் தோல் ரகம் பார்க்கிறவர், வயசானவர். எங்களை எல்லாம் பிள்ளையிலிருந்து தெரிந்தவர்.

பாய் கையைத் தொடவில்லை. அரிக்கேன் விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, உங்க பக்கம் மாடு எதுனா செத்துதா?"

"செத்துது பாய். அது அப்பவே. இது குழியில கல்லு பட்டு வந்தது."

"செத்த மாட்ட எங்க போட்டீங்க?"

"குழியில" என்றார் என் புருஷன்.  தன் கையைக் குனிந்து பார்த்தார். முதல்தடவையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"காயத்துல எதுனா வெச்சிக் கட்டினீங்களா?"

"கரி" என்றார். கையை விளக்கிலிருந்து இழுத்துக்கொண்டு, "அப்பா வெச்சாரு" என்றார்.

 அம்மா உள்ளே பாத்திரத்தை ஏதோ கீழே வைத்த சத்தம் கேட்டது.

"வேலூருக்கு இட்டுனு போங்க" என்றார் பாய். "காலைல மொத ரயிலு. சூடு கீடு போட்றாதீங்க, கீறிகீறி வுட்றாதீங்க. பெரிய டாக்டர் பாக்கட்டும்."

"பொழச்சவங்க யாருனா கீறாங்களா பாய்?" என்று கேட்டார் என் புருஷன்.

"ஏன் இல்லாம? வாணியம்பாடியில என் தோஸ்த் ஒர்த்தன் கீறான். கல்லு மாதிரி கீறான், ஆட்டு யாவாரம் பண்றான். ரெண்டாங் கல்யாணம் வேற பண்ணிக்கினான், ஹராமி."

அதைச் சொல்லும்போது பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் சிரித்தார். "ரெண்டாவது வேணாம் பாய், இது ஒண்ணே அழுது அழுது என்ன இங்க இஸ்துனு வந்துருச்சி" என்றார்.

காட்பாடியில் இறங்கும்போது வீக்கம் தோளுக்கு ஏறியிருந்தது. ஜட்காவில் பாலாற்றைத் தாண்டினோம். மணலில் யாரோ ஊற்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணன் ஜட்காக்காரனை விரட்டிக்கொண்டேயிருந்தார். நான் என் புருஷனின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குதிரைக் குளம்புச் சத்தத்தில் அது எனக்குத் தவறித் தவறிப் போயிற்று. தவறும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்த்து "கீறேன், கீறேன்" என்பதுபோல் தலையை ஆட்டுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பின்பக்கம் தனியாக இருந்த கட்டடத்தைக் காட்டினார். ஊசி இருக்கிறது, போட்டுப் பார்ப்போம், முன்னாலேயே வந்திருந்தால் நல்லது என்று அண்ணனிடம் சொன்னார். உள்ளே யாரும் கூடப் போகக் கூடாது. நானும் கூடாது.

படிக்கட்டில் நின்றோம். வெள்ளைத்துணி கட்டிய ஒரு ஆள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் வராந்தாவிலேயே இருக்கிறேன் என்றேன். சோறு வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன், ஜன்னல் பக்கம் வந்து நில்லுங்கள் என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவர் நல்ல கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தொண்டை வீங்கிக் குரல் மாறிப்போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் விழுங்கிவிட்டு அடுத்ததைச் சொன்னார். அவர் குரலை நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

"இங்க நிக்காத. அண்ணன இட்டுனு இப்பவே குழிக்குப் போ. நான் இல்லன்னா கொல்லனுக்குக் கரி எடுக்க அப்பா எறங்குவாரு. ஒர்த்தரும் எறங்கக் கூடாது, ஒர்த்தரும் இனிமே கரி வெக்கக் கூடாது. அப்பா வெச்சதால வரல, மாட்டாலதான் வந்துதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்ப மாட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லு."